ஒளி போடும் ஊசித்துளை: லேசரும் தங்கத் துகளும்

மாவு சலிக்கும் சல்லடையில் ஒரு கண் கிழிந்தாலும் கப்பி கீழே இறங்கிவிடும். கிருமியைப் பிரிக்கும் குடிநீர் வடிகட்டிக்கும், டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சவ்வுக்கும் இதே விதிதான். அங்கே துளை பெரிதானால் பாதிக்கப்படுவது மனித உயிர்.

அந்தத் துளைகள் எவ்வளவு சிறியவை? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். பாக்டீரியா ஏறத்தாழ 1,000. பல வைரஸ்கள் 100 அளவில்தான் இருக்கின்றன.

இவ்வளவு நுண்ணிய துளையை லேசரால் நேரடியாகப் போட முடியாதா? அது எளிதல்ல. ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் கீழே குவிக்க இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கினார். 532 நானோமீட்டர் பச்சை லேசருக்கு அந்த எல்லை சுமார் 250.

இங்கேதான் தங்கம் உதவுகிறது. தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் துகளாக்கினால் அதன் கரைசல் மஞ்சளாக இராது, சிவப்பாகத் தெரியும். துகளிலுள்ள எலக்ட்ரான்கள் பச்சை ஒளியோடு சேர்ந்து அதிர்ந்து அதை உறிஞ்சிக்கொள்வதே காரணம். இந்தச் செந்நிறக் கரைசலை மைக்கேல் ஃபாரடே 1857லேயே ஆராய்ந்தார்.

இத்துகள்களைப் பாலிஸ்டைரீன் போன்ற மெல்லிய பாலிமர் படலத்தோடு சேர்த்து, பச்சை லேசரைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி படலத்தை ஊடுருவிச் சென்றுவிடும், பிளாஸ்டிக் சூடாவதில்லை. தங்கத் துகள் மட்டும் நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் பல நூறு டிகிரி சூடேறுகிறது. பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியிலேயே இளகிவிடும். துகளை ஒட்டிய பகுதி இளகி, சிதைந்து, துளை விழுகிறது. பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது; லேசர் துடிப்பும் உடனே முடிந்துவிடுகிறது. ஆகவே சூடு அக்கம்பக்கம் பரவுவதில்லை. ஒளிக்கற்றை அகலமாக இருந்தாலும், துகள் இருக்கும் இடத்தில்தான் துளை.

சிக்கல்களும் உண்டு. லேசரின் ஆற்றல் கூடினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். குறைந்தால் வெறும் புடைப்புதான் மிஞ்சும். துகள்கள் ஒட்டிக் கட்டியானால் அந்த இடத்தில் பெருந்துளை விழும். கிழிந்த சல்லடையின் கதைதான்.

ஆகவே "நானோ" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து நாம் வடிகட்டி வாங்கிவிடக் கூடாது. துளையின் அளவு என்ன, அது எந்தக் கிருமியைத் தடுக்கும் என்று சோதிக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்போம். 1,000 நானோமீட்டர் துளை, வைரஸுக்கு அகலத் திறந்த வாசல்.