ஆவி பிடிக்கும்போது அளவு எங்கே மாறுகிறது?

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் தென்காசி, செங்கோட்டை வீடுகளில் மூக்கடைப்பும் வந்துவிடும். சிலர் வாய்க்கால் கரை நொச்சியை ஒடித்துவந்து கொதிக்கவிடுவார்கள், சிலர் யூகலிப்டஸ் தைலத்தைத் தேடுவார்கள். சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் ‘வேது’ என்று ஆவி பிடித்தலுக்கு இடமுண்டு. ஆனால் அதே தைலம் இன்று கண்ணைக் கரிக்கிறது, நாளை மணக்கவே இல்லை. ஏன்?

தைலம் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். அதிலுள்ள சினியோல் தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 176 டிகிரி வெப்பம் வேண்டும். நீராவி துணைக்கு வந்தாலோ 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பிவிடும்; தைலம் வடிப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆகவே அடுப்பில் இருக்கும்போதே தைலத்தை ஊற்றினால், பானையை இறக்கிப் போர்வையை மூடுவதற்குள் பெரும்பகுதி அடுக்களைக் காற்றோடு போய்விடும். இறக்கிவைத்த பிறகு விட்டால், முதல் ஓரிரு நிமிடத்திலேயே அத்தனை காரமும் முகத்தில் அடிக்கும். மணம் குறைந்ததும் மறுபடி ஊற்றுவதுதான் பலரும் செய்கிற தவறு.

நொச்சியில் எண்ணெய் இலைக்குள் இருப்பதால் மெதுவாக வெளிவரும். கொழுந்தா முற்றலா, பச்சையா காய்ந்ததா என்பதைப் பொறுத்து ‘ஒரு கைப்பிடி’யின் வீரியம் மாறும். மூடிபோட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் வைத்தே திறக்க வேண்டும். கூடப் போடும் உப்பும், மஞ்சளின் நிறப்பொருளும் ஆவியில் ஏறுவதில்லை. அவை பானையிலேயே தங்கிவிடும்.

கடையில் விற்கும் மலிவான வேப்பரைசர்கள் பலவற்றில் மின்சாரம் தண்ணீருக்குள்ளேயே பாய்கிறது. மழைநீர், அருவிநீர் போல உப்புக் குறைந்த நீரில் ஆவி மந்தமாக வரும். போர்த் தண்ணீரில் சீறும். தைலம் அதே அளவாக இருந்தும் மூக்குக்கு வருவது மாறுகிறது. மின் இணைப்பைத் துண்டிக்காமல் அந்த நீரைத் தொடவே கூடாது. கம்பிச்சுருள் சூடேற்றும் கருவியில் நீரின் தன்மை இவ்வளவு தொந்தரவு தராது. அளவு மாறாமல் வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஆவி பிடிக்கும் கேப்சூல்தான் எளிது: ஒன்றில் இருப்பது எப்போதும் ஒரே அளவு. தைலமே போதுமென்றால் ஒரே பாத்திரம், ஒரே அளவு நீர், எண்ணிய சொட்டு, கடிகாரம் பார்த்த நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைத் தொகுப்பு 150 மில்லி கொதிநீருக்கு 12 சொட்டு என்கிறது. அதைத் தாண்ட ஒரு காரணமும் இல்லை.

பலனையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், ஆவி பிடித்தவர்களுக்குச் சளித்தொல்லை கூடுதலாகக் குறையவில்லை. சிலருக்குச் சிறு சூட்டுக்காயம்தான் மிச்சம். மூக்குக்குக் கிடைக்கும் இதம் உண்மை, அது மருந்தாகிவிடாது. 2021 கொரோனா அலையில் பொது இடங்களில் ஆவி பிடிக்க வேண்டாம் என்று அன்றைய தமிழகச் சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கும்.

சிறு குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பானை வேண்டவே வேண்டாம். தைலப் புட்டியும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. சில மில்லி விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். ஆஸ்துமாக்காரர்கள் வைத்திருக்கும் நெபுலைசரில் ஒரு சொட்டுத் தைலமும் விடாதீர்கள். எண்ணெய்த் துளிகள் நுரையீரலில் படிந்து நிமோனியாவை உண்டாக்கலாம்.