ஜூலை 1980: தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இலங்கையின் இரத்மலானை புகையிரதத் தொழிற்சாலை. சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, எழும் ஓசையை வைத்தே உள்ளிருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் கைகள் இங்கே வேலை செய்தன. அந்தக் காது ஒரு நாளில் வாய்ப்பதல்ல.

விலைவாசி ஏறிக்கொண்டே போக, சம்பளத்தில் 300 ரூபாய் உயர்வு கேட்டன தொழிற்சங்கங்கள். 1980 ஜூன் 5 அன்று கொழும்பில் நடந்த எதிர்ப்புப் போராட்டம் தாக்கப்பட்டது, டி. சோமபால என்ற அரச ஊழியர் உயிரிழந்தார். ஜூலையில் இத்தொழிற்சாலையில் மூண்ட போராட்டம் பொது வேலைநிறுத்தமாயிற்று.

ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தியது. வேலைக்கு வராதவர்கள் தாமாகவே பதவியைத் துறந்தவர்கள் என்றது. நீக்கினோம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உரிமை கேட்டு நின்றவர் விட்டுப்போனவராக எழுதப்பட்டார். இப்படி 40,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். வறுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

வேலை போனதோடு சங்கங்களின் முதுகெலும்பும் முறிந்தது. ஆனாலும் வேலை இழந்தவர்கள் கலைந்துபோகவில்லை. ‘ஜூலை வேலைநிறுத்தக்காரர்’ என்ற பெயரையே தங்கள் அடையாளமாக்கி, வேலையையும் ஓய்வூதியத்தையும் கேட்டு மீண்டும் மீண்டும் தெருவில் இறங்கினார்கள். பின்னாளில் சிலருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பலர் நரை விழுந்த பின்னும், இழந்த சேவைக் காலத்துக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.