கூகிளா பிங்கா? பேரை மறைச்சுட்டு சொல்லுங்க பார்ப்போம்!

மக்களே, தேடுபொறின்னாலே நம்ம கை தானா கூகிளுக்குத்தான் போகுது. "கூகிள் பண்ணிப் பாரு"ன்னு அதை வினைச்சொல்லாவே ஆக்கியாச்சு. ஆனா அது மத்ததைவிட நிஜமாவே நல்லதா, இல்ல பழகின தோஷமா? ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தடவை இந்தக் கேள்வி ரொம்ப சீரியஸாவே வந்து நின்னுச்சு.

2021 ஜனவரி 22. செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கணும்னு சொல்ற சட்டம் அப்படியே வந்தா, தேடல் சேவையையே இந்த நாட்டுல நிறுத்த வேண்டி வரும்னு கூகிள் ஆஸ்திரேலியாவின் தலைவர் மெல் சில்வா செனட் குழு முன்னாடி சொன்னார். அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன், மிரட்டலுக்கெல்லாம் நாங்க பதில் சொல்றதில்லைன்னுட்டார். சந்தடி சாக்குல மைக்ரோசாஃப்ட், "நம்ம பிங் இருக்கே"ங்கிற மாதிரி முன்னாடி வந்துச்சு. நூறு தேடலில் தொண்ணூறுக்கு மேல கூகிளில் நடக்கிற நாடு இது! கடைசியில் பிப்ரவரி 25-ல் சில திருத்தங்களோட சட்டம் நிறைவேறியது, கூகிளும் எங்கேயும் போகலை.

சரி, போயிருந்தா பிங் போதுமா?

இதை அளக்க ஒரு அருமையான வழியை 2009 ஜூன்லயே ஒருத்தர் செஞ்சு காட்டிட்டார். மைக்கேல் கோர்டாஹி. மைக்ரோசாஃப்ட் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர், ஆனா இது அவரோட சொந்த முயற்சி. பேரு 'பிளைண்ட் சர்ச்'. நீங்க தேடினா கூகிள், யாஹூ, பிங் மூணோட முடிவும் பக்கத்துப் பக்கத்துல வரும். லோகோ கிடையாது, பேர் கிடையாது. எது நல்லா இருக்கோ அதுக்கு ஓட்டு போடணும், அப்புறம்தான் எது எதுன்னு திரை விலகும். அவ்ளோதான்! பிராண்டுப் பாசத்தைக் கழட்டி வெச்சுட்டுப் பார்க்க இதைவிட எளிமையா என்ன வேணும்?

இதே மாதிரி ஒண்ணை மைக்ரோசாஃப்டே 2012-ல் 'பிங் இட் ஆன்'னு பெரிய விளம்பரமா நடத்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டுக்கு ஒண்ணு கணக்குல மக்கள் பிங்கைத்தான் விரும்பறாங்கன்னு சொன்னாங்க. யேல் பல்கலைக்கழகத்து இயான் அயர்ஸ் அதை நம்பாம, 2013-ல் மாணவர்களோட சேர்ந்து தனியா சோதிச்சுப் பார்த்தார். 53 சதவீதம் கூகிள், 41 சதவீதம் பிங், மீதி சமம். ஆனா எனக்குப் பிடிச்சது அடுத்த விஷயம். பிங் தளம் பரிந்துரைத்த சொற்களைத் தேடினவங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். சொந்தமா யோசிச்சு அடிச்சவங்களுக்குத்தான் கூகிள் மேல். அதாவது, கேள்வித்தாளை யார் எடுக்கிறாங்கன்னு பார்த்தாலே பாதி ரிசல்ட் தெரிஞ்சுடும் :-)

அப்ப நம்ம கேள்வித்தாளை நாமதானே எடுக்கணும்? தமிழ்ல.

எங்க கிரவீனையே எடுத்துக்குங்க. கிரவீன், கிரவின், கிராவீன், ஜிரவீன்... ஆளுக்கொரு மாதிரி எழுதறோம். கிரவீனில், கிரவீனுக்கு, கிரவீன்லருந்துன்னு வேற்றுமை உருபு ஒட்டினா மெஷினுக்கு ஒவ்வொண்ணும் புதுச் சொல். வேரைப் பிரிச்சு எடுக்கத் தெரிஞ்ச பொறி தப்பிக்கும், தெரியாதது முழிக்கும். கோயில் / கோவில் இன்னொரு தலைவலி. இதைவிட அழகான பரீட்சை 'வைகாசிக் குன்று'. பக்கத்துல மேஸ் ஹில்லில் இருக்கிற சிட்னி முருகன் கோயிலுக்கு நம்மாளுங்க வெச்ச பேரு. மே மாசம் வைகாசி, ஹில் குன்று! எழுத்துப் பொருத்தம் பார்க்கிற மெஷினுக்கு இது ஜென்மத்துக்கும் புரியாது. ரெண்டு பேரும் ஒண்ணா வர்ற பக்கங்களைப் படிச்சு வெச்சிருந்தாத்தான் புரியும்.

இதெல்லாம் வேடிக்கை. வினையான இடம் மாணவர் விசா.

தமிழ்நாட்டுக்காரர் 'ஆஸ்திரேலிய விசா'ன்னு அடிப்பார், யாழ்ப்பாணத்துக்காரர் 'அவுஸ்திரேலிய வீசா'ன்னு அடிப்பார். ஒரே கேள்வி, ஆனா போய்ச் சேர்றது ரெண்டு நாட்டுப் பத்திரிகைகளுக்கு. அது கூடப் பரவாயில்லை. வகுப்பு நடக்கும்போது எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்னு தேடுங்க. முன்னாடி ரெண்டு வாரத்துக்கு 40 மணி. 2022 ஜனவரியிலிருந்து 2023 ஜூன் வரை வரம்பே இல்லை. 2023 ஜூலை 1 முதல் 48. மூணுமே அந்தந்த நேரத்துல சரியா எழுதப்பட்ட செய்திதான், யாரும் பொய் சொல்லலை. பழைய பக்கத்துக்குத்தான் வெளியிலிருந்து சுட்டிகள் அதிகம் சேர்ந்திருக்கும், அதனால அது மேல மிதக்கிற வாய்ப்பும் அதிகம். 2022 செய்தியை முதல்ல காட்டற பொறியை நம்பி, ஒரு தம்பி கடையில் கூடுதல் ஷிப்ட் எடுத்தான்னா விசாவுக்கே ஆபத்து. கோயில் பேரைத் தப்பாக் காட்டினா அடுத்த பஸ் பிடிச்சுப் போய்க்கலாம், இதுல அப்படி இல்லை.

ஒரு சின்ன உபாயம்: இந்த விதியோட எண் 8105. தமிழ்ச் சொல்லோட அந்த எண்ணையும் சேர்த்து அடிங்க. எண்ணுக்கு எழுத்துப்பிழை, உருபு எதுவும் கிடையாது, நேரா குடிவரவுத் துறை பக்கத்துக்குப் போக வழி கிடைக்கும்.

சோதனை பண்ண ஆசைப்படறவங்களுக்கு இன்னொண்ணு. டக்டக்கோ பெரும்பாலும் பிங்கிடம் வாங்கித்தான் பரிமாறுது, அதனால அதையும் பிங்கையும் வெச்சு 'போட்டி' நடத்தாதீங்க. நண்பர் யாரையாவது முடிவுகளை நகலெடுத்து, பேரை அழிச்சு, அ, ஆ, இன்னு மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்க. தேடும் சொல் உங்க ஊர்ச் சொல்லா இருக்கட்டும்.

டொராண்டோ மக்களே, சிங்கை மக்களே, உங்க ஊர்ல வைகாசிக் குன்று மாதிரி என்னென்ன பேர் வெச்சிருக்கீங்க? எழுதுங்க, அடுத்த கேள்வித்தாளுக்கு ஆகும்.