வாய்க்கால் நீரும் கமக்காரர் கூட்டமும்

வாய்க்காலின் தலைப்பகுதி வயல்களில் நீர் தேங்கி நிற்க, கடைசி வயல் வெடித்துக் கிடப்பதுண்டு. இக்குறை கட்டளையால் மட்டும் தீராது. கமக்காரர் கூடிப் பேசினாலே தீரும்.

1981ஆம் ஆண்டுச் சிறுபோகத் தொடக்கத்தில், கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்தில் ஏறக்குறையக் காற்பங்கு நீரே இருந்தது. இடதுகரைப் பகுதிக்கு அனுப்பப்பட்ட இளம் அமைப்பாளர்கள் கட்டளையிடவில்லை. கமக்காரரைத் தேடிச் சென்று அவர்தம் குறைகளைக் கேட்டனர். பின்னர், ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோர் சிறு குழுக்களாகக் கூடித் தூர் வாரினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்படுத்திய நீரைக் கீழ்ப்பகுதியாருக்கு விட்டனர்.

ஆதலால், நிலம் பண்படுத்துமுன் உங்கள் வாய்க்காலில் நீர் பெறுவோர் அனைவரையும் கூட்டுங்கள். கடைசி வயற்காரரை முதலிற் பேசவிடுங்கள். துப்புரவு நாளையும் நீர்முறையையும் யாவரும் அறிய எழுதிவையுங்கள். எடுத்த முடிவை நீர்ப்பாசன அலுவலருக்கும் தெரிவியுங்கள்.