தூரமும் நேரமும் – 14: ஐந்து கிலோமீட்டர் வம்பு

வான்தூரம் என்பது இரண்டு இடங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் அளக்கும் தூரம் என்று போன வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரம் ஹைதராபாத்தின் விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாத்துக்கும் வாரங்கல்லுக்கும் இடையே பறக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்ப்பதாக வாக்கு. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டேன். வாரங்கல்லின் மாமுனூர் விமானத் தளம் வரை ஏறத்தாழ 145 கிலோமீட்டர் வந்தது. அந்த எண் ஓர் ஒப்பந்தத்தை நினைவூட்ட, அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறந்தது. அதைக் கட்டி நடத்தும் ஜி.எம்.ஆர். தரப்போடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு: 150 கிலோமீட்டர் வான்தூரத்துக்குள் இன்னொரு சர்வதேச விமான நிலையம் 25 ஆண்டுகளுக்கு வரக்கூடாது. அதாவது 2033 வரை. சாலைத் தூரம் என்று எழுதியிருந்தால் வளைவு நெளிவுகளைக் காட்டி வாதாடலாம். வான்தூரத்தில் அந்தப் பேச்சே எடுபடாது. வரைபடத்தில் ஷம்ஷாபாத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றி 150 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் மாமுனூர் கோட்டுக்கு ஐந்தே கிலோமீட்டர் உள்ளே விழுகிறது. நிஜாம் காலத்துத் தளம் அது. இன்னும் கொஞ்சம் கிழக்கே அமைத்திருந்தால் தப்பித்திருக்கும்! மேற்கே பீதரும் வட்டத்துக்குள்தான், ஏறத்தாழ 124 கிலோமீட்டர். ஆனாலும் அங்கே 2020 பிப்ரவரியில் பெங்களூர் விமானம் பறக்கத் தொடங்கியது. மாமுனூருக்கு ஜி.எம்.ஆர். தரப்பு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, 2025 பிப்ரவரி இறுதியில்தான் மத்திய அரசின் ஒப்புதல் வந்தது.

பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்திலும் இதே 150 கிலோமீட்டர், இதே 25 ஆண்டு. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. 2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் என்று தமிழக அரசு அறிவித்ததே, அது பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். மாநில எல்லை குறுக்கே வந்தாலும் காம்பஸ் நிற்காது.

ஹைதராபாத்தில் நான் இருக்கும் ஏ.எஸ்.ராவ் நகருக்கும் இதில் பங்குண்டு. 1967-இல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். என்ற மின்னணு நிறுவனத்தை உருவாக்கிய விஞ்ஞானியின் பெயர்தான் இந்தப் பேட்டைக்கு. இங்கிருந்து பழைய விமான நிலையமான பேகம்பேட் வான்வழியே சுமார் பத்து கிலோமீட்டர், ஷம்ஷாபாத் முப்பது. புதியது திறந்ததும் பயணிகள் விமானத்துக்குப் பழையதை மூடிவிட்டார்கள். இப்போது ஷம்ஷாபாத் போக, விமான நிலையத்துக்கான புஷ்பக் பஸ் ஏறி உப்பல், எல்.பி.நகர் என்று சுற்றிக்கொண்டு போகவேண்டும். பக்கத்து வீட்டு அங்கிள், ஈ.சி.ஐ.எல்.லில் இருந்து ஓய்வு பெற்றவர், “வாரங்கல்லுக்கு விமானமா? இங்கேர்ந்து தெற்கே ஷம்ஷாபாத் போற நேரத்துல காரை எடுத்தா பாதி வாரங்கல் வந்துடுமே சார்” என்கிறார். நியாயம்தான். மாமுனூர் நம் பேட்டைக்கு அல்ல, டெல்லிக்கும் பம்பாய்க்கும் போக ஹைதராபாத் வரை வந்து அல்லாடும் வாரங்கல்காரர்களுக்கு.

சரி, நேரம்? ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். 145-ஐ வகுத்தால் பதினேழரை நிமிடம். எந்த விமான அட்டவணையிலும் இப்படி ஒரு நேரத்தைப் பார்க்க முடியாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரை எல்லாமே பயண நேரத்தில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் எத்தனை நிமிடம் தின்னும் என்பது அடுத்த வாரம். அந்த வட்டம் மறுபடி இழுக்காமல் இருந்தால்.