சீமெந்துக் கல்லுக்கு நடுவே ஒரு முற்றம்



மேற்கு சிட்னியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவு முழுவதும் சீமெந்துக் கல் பதித்திருந்தது. புல்லு வெட்டும் வேலை இல்லை என்று மகிழ்ந்தோம். ஊரிலிருந்து அம்மா வந்தபிறகுதான் குறை தெரிந்தது. நாங்கள் வேலைக்குப் போனபின் அவர் பின்கதவைத் திறந்து பார்ப்பார், உடனே மூடிவிடுவார். "வெளியிலை இருக்க ஒரு இடமில்லை, தம்பி. நிலம் சுடுது" என்பார். 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது பலருக்கு நினைவிருக்கும். பகலில் உறிஞ்சிய வெப்பத்தைக் கல் இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும்.

கல் முழுவதையும் பெயர்க்க எங்களிடம் பணமில்லை. அது தேவையுமில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு வாரம் வெயிலைக் கவனியுங்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். குளிர்காலத்தில் வீட்டின் தெற்குப் பக்கம் நிழலிலேயே கிடக்கும். மேற்கு வெயில் படும் சுவரோ கோடைப் பின்னேரங்களில் அடுப்பு மாதிரி.

அடுத்து, வேலியோரம் ஒரு வரிசைக் கல்லை மட்டும் கிளப்புங்கள். அடியில் இறுகிக் கிடக்கும் சரளையை அள்ளிவிட்டு, மண்ணைக் கொத்திக் கூட்டெரு கலக்க வேண்டும். தோண்டுமுன் 'பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா' சேவையிடம் நிலத்தடிக் குழாய், கம்பிகளின் வரைபடங்களை இலவசமாகப் பெறலாம்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். முதற்பாத்தியை வீட்டுச் சுவரோடு சேர்த்துப் போட்டேன். செங்கற்சுவரின் அடியில் நீர் வடியவும் காற்றுப் போகவும் விட்டிருந்த இடைவெளிகளை மண் மூடிவிட்டது. சில மாதங்களில் உட்சுவரில் ஈரம். கறையான் பார்க்க வந்தவர், "கறையானுக்கு நீங்களே பாதை போட்டிருக்கிறீர்கள்" என்றார். அவ்வளவு மண்ணையும் திரும்ப அள்ளினேன்.

மற்றவை சாடிகளில். 40 சென்ரிமீற்றருக்குக் குறையாத, வெளிர்நிறச் சாடிகள் நல்லது. கறுப்புச் சாடியில் வேர் வெந்துவிடும். சுடுகல்லில் நேரே வைக்காமல் சிறு கட்டைகளில் உயர்த்தி வையுங்கள். வளவு மண் சாடியில் இறுகிவிடும், சாடிக்கலவையே வேண்டும். அந்தப் பையைத் திறக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். அதன் தூசியில் லெஜியனெல்லா கிருமி இருக்கக்கூடும். நியூமோனியாவை உண்டாக்கும், வயதானவர்களுக்கு ஆபத்து.

கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலை கொட்டும். செத்துவிட்டதென்று பயந்து தண்ணீரை ஊற்றி வேரை அழுகவைக்காதீர்கள். வசந்தத்தில் துளிர்க்கும்.

நிழலுக்குத் திராட்சைக் கொடி, நாங்கள் முந்திரிகை என்போமே, அதுதான். வேலியோர மண்ணில் நட்டுப் பந்தலில் ஏற்றினோம். கோடையில் நிழல் தரும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலை உள்ளே விடும். அதன் கீழே ஒரு வாங்கு போட்டோம்.

இப்போது அம்மா காலைத் தேநீரோடு அந்த வாங்கில்தான். பக்கத்துவீட்டு லெபனான் அம்மா ஒருநாள் வேலிக்கு மேலால் கைகாட்டி முந்திரிகை இலை கேட்டார். அதில் சோறு சுற்றி அவிப்பார்களாம். அம்மா இலையோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஆனாலும் தினமும் பேசிக்கொள்கிறார்கள்.