உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிக் கோட்டையும் நம்ம வடசென்னையும்

◆ தண்டையார்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர் மூன்றும் 1693-இல் மொகலாயர் தரப்பிடமிருந்து ஆங்கிலக் கும்பெனியின் கைக்கு வந்தன. அப்போது மொகலாயப் படைக்குத் தெற்கே ஒரே ஒரு பெரிய கவலைதான் இருந்தது: செஞ்சிக் கோட்டை. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம், வெளியே ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான். பின்னால் 1708-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஐந்தையும் கும்பெனிக்குத் தந்தவர் நவாப் தாவூத் கான். அவரும் அதே மொகலாயப் படையில் ஜுல்பிகாரின் கீழ் இருந்தவர்தான். கொடுங்கையூரிலிருந்து மூலக்கடை வழியாக பஸ் பிடித்து வியாசர்பாடியைத் தினமும் கடப்பவர்கள், செஞ்சியைத் தொலைதூர ராஜா கதையாக நினைக்க வேண்டியதில்லை.

◆ ஒரு கோட்டை என்றுதான் சொல்கிறோம். உண்மையில் மூன்று குன்றுகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ஒன்றோடொன்றை இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டுமே சுமார் 800 அடி. கோட்டைக்கு அடித்தளம் போட்டவர் கோன் மரபைச் சேர்ந்த ஆனந்தக் கோன் என்பது வழிவழிச் செய்தி. அதன்பின் விஜயநகரத்தார், செஞ்சி நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆண்டவர்களின் வரிசை நீளமானது.

◆ 1677 மே மாதம், செஞ்சியைக் கைப்பற்றிய அதே மாதத்தில், சிவாஜி சென்னைக் கோட்டையிலிருந்த கும்பெனியாருக்கு ஆள் அனுப்பினார். கேட்டது பீரங்கி அல்ல, விஷமுறிவு மருந்து! கும்பெனியாரும் காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று அவர் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாளை வணங்கிச் சென்றதாகக் கோயிலில் நம்புகிறார்கள்.

◆ கடலூர்ப் பக்கம் ‘குண்டு உப்பலவாடி’ என்று ஓர் ஊர் உண்டு. அந்தக் ‘குண்டு’வுக்கும் செஞ்சிக்கும் தொடர்பு இருக்கிறது. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை செஞ்சி மராட்டியரிடமிருந்து கும்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னை கவர்னர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் கும்பெனிக்கு என்பது பேச்சு. சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. அங்கே குடியிருந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்!

◆ 1690-இல் தொடங்கிய மொகலாயரின் முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, தப்பிவிட்டார். ஆனால் 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் அதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தார்கள்.

◆ செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் நிஜமாகவே வாழ்ந்தவர். பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் போனார். 1714 அக்டோபர் 3 அன்று களத்தில் விழுந்தபோது வயது 22தான். அவர் குதிரையையும், தோளோடு தோள் நின்று மடிந்த நண்பன் மகமத்கானையும் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் மறக்கவே இல்லை. இந்து ராஜனுக்காக முஸ்லிம் நண்பன் உயிர் கொடுத்த கதையை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. உடன்கட்டை ஏறிய தேசிங்கின் ராணியின் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை அமைத்தார் என்பார்கள். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வந்தது. அதற்கு வெகு முன்பே இதுபோன்ற கதைகளை ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாக அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பிய பதிப்பகங்கள் நம் கொண்டித்தோப்பில் இருந்தன.

◆ கோட்டைக்குள் பல அடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலின் மேல்மாடிவரை தண்ணீர் ஏறியது, மோட்டார் இல்லாமல்! மதிலுக்கு வெளியே உயரத்தில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய் பதித்துக் கொண்டுவந்தார்கள். குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய நாம், அந்தக் குழாயின் தடத்தை நின்று பார்க்க வேண்டும்.

◆ ராஜகிரி உச்சிக்குச் சற்றுமுன் பாறை இரண்டாகப் பிளந்து, ஆழமான பள்ளம் வாய் திறந்து கிடக்கும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை யாரும் நெருங்க முடியாது, சில பேரே போதும், காவல் காக்கலாம். மேலே ரங்கநாதர் கோயில், ஒரு பீரங்கி, களஞ்சியம். கார்த்திகை, மார்கழியில் போனால் அங்கிருந்து பாருங்கள். மழைக்குப் பிறகு ஏரிகள் நிறைந்து, பாறைக் குன்றுகளின் காலடி வரைக்கும் நெல் வயல் பச்சையாக விரிந்திருக்கும். புகைக்கூண்டு தெரியாத அடிவானத்தை எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

◆ புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்களோடு போட்டோ எடுத்திருக்கிறீர்களா? அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை.

◆ செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கேதான். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூரும் அருகில்தான். கோட்டையோடு திரும்பிவிடுகிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள்.

◆ 1921-இலேயே பாதுகாக்கப்பட்ட சின்னமான செஞ்சிக்கு, 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கிடைத்தது. ‘மராட்டிய ராணுவ நிலவெளிகள்’ என்ற பட்டியலில் 12 கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்முடையது.

◆ எப்படிப் போவது? சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்கள் உண்டு. செஞ்சிக்கு ரயில் கிடையாது. தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ராஜகிரி ஏறுவதாக இருந்தால் காலையிலேயே தொடங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். தின்பண்டத்தைக் கையில் தூக்கிக் காட்டாதீர்கள், குரங்குகள் விடாது.

◆ கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்யாண மகாலின் சுவரிலும் மலைப்பாறையிலும் பெயர் கிறுக்காதீர்கள். பிஸ்கட் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் மலையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். நகரமே கொண்டுவந்து கொட்டிய குப்பை மலையாகி, அது எரியும்போது வரும் புகையைப் பல்லாண்டாக மூச்சில் வாங்கியவர்கள் கொடுங்கையூர் மக்கள். அந்தக் குப்பையைப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை இப்போதுதான் நடக்கிறது. குப்பைமேடு ஓர் ஊரை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொண்டுபோவதை எல்லாம் ஒரு பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள், உடன் வரும் பிள்ளைகளையும் அப்படியே பழக்குங்கள்.